ஒரே பேட்டரிக்குப் பட்டினியும் அஜீரணமும்

ஜனவரி இரண்டாம் வாரம், காலை ஆறே முக்கால். மயூர் விஹாரில் எதிர்க் கட்டடமே தெரியாத பனிமூட்டம். மின்சாரம் போனது. வழக்கமாகப் பத்து விநாடிக்குள் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிடும். அன்று உறுமவில்லை. ‘டக்’ என்றது. சற்று நேரம் கழித்து மறுபடியும் ‘டக்’. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டுப் பலகை சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. லிஃப்ட் இரண்டும் நின்றன. ஏழாவது மாடிக்காரர் பால் பையுடன் படியேறிக்கொண்டே சங்கச் செயலாளரைத் திட்டியது எங்கள் சமையலறை வரை கேட்டது.

பத்து மணிக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. பேட்டரி செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டும், விலைப்பட்டியல் தயார். இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது பேட்டரி. தொலைபேசி நிலையங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். 48 வோல்ட் பேட்டரி வரிசைகளுக்கு வாரந்தோறும் நாடி பிடித்துப் பழகியவள். ஒழுங்காகக் கவனித்தால் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள், இங்கே எட்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சாகிறது என்றால் கொலைகாரன் வேறு எங்கோ இருக்கிறான். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். செயலாளருக்கு விருப்பமில்லை. பணம் மிச்சமாகலாம் என்றதும் சம்மதித்தார்.

எங்களுடையது 62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர். அதைக் கிளப்ப 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று. அதைச் சார்ஜில் வைத்திருக்க முதலில் மெயின் மின்சாரத்தில் ஓடும் சார்ஜர் பலகைக்குள்ளேயே இருந்தது. முந்தைய நிர்வாகக் குழு இரண்டு மே மாதங்களுக்கு முன்பு, ஜெனரேட்டர் கூண்டின் தலைமேல் 50 வாட் சூரியத் தகடு ஒன்றைப் படுக்கவைத்து, உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சோலார் சார்ஜரையும் மாட்டியது. ‘பசுமைக் குடியிருப்பு’ என்று படமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சார்ஜர் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய சார்ஜரின் ஃபியூஸைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். பத்தடி தூரத்தில் மின்சாரம் இருக்கும்போது பேட்டரிக்கு எதற்குச் சூரியன் என்று நான் அப்போதே கேட்டேன். கூட்டக் குறிப்பேட்டில் அது பதிவாகவில்லை.

துணைக்கு வந்தவர் திரிலோக்புரியில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. என்னிடம் தமிழிலும் ஸ்குரூவிடம் இந்தியிலும் பேசுவார். வேலை தொடங்குமுன் நான் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். அவரும் கையிலிருந்த இரும்புக் காப்பைக் கழற்றும் வரை காத்திருந்தேன். “பன்னிரண்டு வோல்ட்தானே அம்மா?” என்றார். அதிர்ச்சி அடிக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு முனைகளுக்கும் நடுவே உலோகம் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். காப்பு கையோடு பழுத்துவிடும். ஜெனரேட்டர் தானியங்கி நிலையில் இருக்கும்போது அதற்குள் கை வைப்பதும் அப்படித்தான். பலகையை நிறுத்த நிலைக்கு மாற்றி, அவசர நிறுத்தப் பொத்தானையும் அழுத்திவிட்டுத்தான் கூண்டுக் கதவைத் திறந்தோம்.

மல்டிமீட்டரில் 11.6 வோல்ட். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே போனால் காலி. ஸ்டார்ட்டரை ஒருமுறை தட்டச் சொன்னேன். வோல்ட் ஆறுக்கு விழுந்தது. ‘டக்’ சத்தத்தின் காரணம் இதுதான். ஸ்டார்ட்டரின் காந்தச் சுவிட்சான சொலினாய்டை இழுக்கத் தெம்பு இருக்கிறது, மோட்டாரைச் சுழற்ற இல்லை. இதுவரை விலைப்பட்டியல் கொடுத்தவர் சொன்னது சரி.

மூடிகளைத் திறந்தபோதுதான் கதை மாறியது. ஆறு செல்களில் மூன்றில், அமிலத்தை உறிஞ்சி அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரின் குழலுக்கு அமிலமே எட்டவில்லை. உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின் மேல்விளிம்பு காய்ந்து வெளுத்திருந்தது. மற்ற மூன்றில் உறிஞ்ச முடிந்தது. கிராவிட்டி என்று நாங்கள் சொல்லும் ஒப்படர்த்தி 1.140, 1.135, 1.140. நம் ஊர் வெப்பத்துக்கு நிறைந்த பேட்டரியில் 1.240க்கு மேல் இருக்க வேண்டியது. செல்களில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் அது நோயல்ல, பட்டினி. சோறு போடுகிறவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் பட்டினி கிடந்த பேட்டரியில் தண்ணீர் எப்படிக் குறையும்? சார்ஜ் முழுமையான பிறகும் விடாமல் மின்னோட்டம் செலுத்தினால்தான் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். அதாவது இது மிதமிஞ்சித் தின்ற உடம்பு. ஒரே பேட்டரி பட்டினியும் கிடந்திருக்கிறது, அஜீரணத்திலும் அவதிப்பட்டிருக்கிறது. சோலார் சார்ஜரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு ஒன்றும் அறியாததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் பேட்டரியை வெளியே எடுத்தோம். கழற்றும்போது எதிர்முனை (நெகட்டிவ்) முதலில், மாட்டும்போது அது கடைசியில். முனைகளில் படிந்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவினோம். காய்ச்சி வடித்த நீரை, ஈயத் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டுமே ஊற்றினேன். தம்பி குறி வரை நிரப்பப் போனார், தடுத்தேன். சார்ஜ் ஏறும்போது அமிலம் விரிந்து மேலே வரும். இப்போதே நிரப்பினால் அப்போது வழியும். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும்.

பட்டறை ஒன்றிலிருந்து இரவல் வாங்கிய 15 ஆம்பியர் சார்ஜரில் மாட்டினோம். முதல் மணியில் 4 ஆம்பியர்கூட ஏற்க மறுத்தது. நாள்பட்டுக் காலியாகக் கிடந்த தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன் அடையாளம் இது. இரவுக்குள் 9, விடியற்காலை 12. முப்பது மணிநேரம் ஆனது. கடைசியில் ஐந்து செல்கள் 1.225 முதல் 1.235 வரை, ஆறாவது மட்டும் 1.205. புதுப் பேட்டரி இல்லைதான். பிணமும் இல்லை.

அடுத்து சூரியத் தகடு. ஒயர்களைக் கழற்றிவிட்டு நண்பகலில் அளந்தால் 19.8 வோல்ட். ‘பன்னிரண்டு வோல்ட் தகடு’ என்று விற்கப்படும் 36 செல் தகடு சுமையில்லாமல் ஏறக்குறைய 21 காட்டும்; மங்கிய ஒளிக்கு இது நியாயமான கணக்கு. ஆனால் வோல்ட்டை மட்டும் பார்த்துத் தகடு நலம் என்று சொல்வது, ஓட்டை வாளியைக் கிணற்றுக்குள் இருக்கும்போதே பார்த்து நிறைந்துவிட்டது என்பதைப் போல. ஆம்பியரை அளக்க வேண்டும். தம்பி தகட்டின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டுத் தன் கவ்வு மீட்டரை மாட்டினார். பூஜ்யம். “தகடு போய்விட்டது அம்மா” என்றார். தகடு போகவில்லை. எலக்ட்ரீஷியன்கள் கையில் பெரும்பாலும் இருக்கும் மலிவான கவ்வு மீட்டர், வீட்டு மின்சாரம்போல மாறுதிசை ஓட்டத்தை மட்டும்தான் அறியும். நேர்த்திசை ஓட்டம் எவ்வளவு போனாலும் அதற்குக் கண் தெரியாது. மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றித் தொடராக இணைத்தேன்: 0.25 ஆம்பியர். இருவருமாகத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வெயில் விழும் இடத்துக்கு நடந்தோம். பனிமூட்டம் அன்று பத்தரைக்கே கலைந்திருந்தது. தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்த்தேன். 2.4 ஆம்பியர். பத்து மடங்கு.

தலை நிமிர்ந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கூண்டுக்குத் தெற்கே 14 மீட்டர் தள்ளி எங்கள் எட்டு மாடிக் கட்டடமே நிற்கிறது. உயரம் சுமார் 24 மீட்டர். தில்லி ஏறக்குறைய 28.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் 38 பாகைக்கு மேல் ஏறாது. அப்போது எங்கள் கட்டடத்தின் நிழல் 31 மீட்டர் நீளும். ஜூனில் சூரியன் 85 பாகைக்கு ஏறி உச்சந்தலையில் நிற்கும். நிழல் இரண்டே மீட்டர். மே மாதத்தில் வந்து மாட்டியவர்கள் மே மாதத்துச் சூரியனைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தத் தகடு நிழலில் படுத்து உறங்குகிறது. பற்றாததற்கு அதன்மேல் தில்லிப் புழுதி. விரலால் பெயர் எழுதலாம்.

நிழலில் உறங்கினாலும் பேட்டரியின் செலவு உறங்குவதில்லை. ஜெனரேட்டர் சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று அளந்தேன். கட்டுப்பாட்டுப் பலகை 110 மில்லி ஆம்பியர். பராமரிப்பு நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே கண்காணிப்பதற்காக வைத்த சிறிய பெட்டி, அதில் ஒரு சிம் அட்டை, 150 மில்லி ஆம்பியர். மொத்தம் 0.26. கேட்கச் சிறிய எண். ஒரு நாளைக்கு ஆறேகால் ஆம்பியர்-மணி. நிழலில் தகடு தருவது நல்ல நாளிலேயே ஒன்று, ஒன்றரை. ஒரு மாதத்தில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி காலியாக இதற்கு மேல் வேறு காரணம் வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போகும்போது அமலாகும் ‘கிராப்’ கட்டுப்பாடுகள் டீசல் ஜெனரேட்டர்களையும் தொடும். லிஃப்ட் போன்ற அவசரத் தேவைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அபராதத்துக்குப் பயந்து எங்கள் சங்கத்தார் திங்கட்கிழமைச் சோதனை ஓட்டத்தை நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பத்து நிமிட ஓட்டம் பேட்டரிக்குப் பெரிதாக எதையும் ஏற்றிவிடாது. ஆனால் அது நடந்திருந்தால் நோய் டிசம்பரிலேயே வெளியே தெரிந்திருக்கும்.

பட்டினிக்கு விடை கிடைத்துவிட்டது. அஜீரணம் பாக்கி.

இங்கே என் மானம் போன கதையையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் சார்ஜ் ஏறிய பேட்டரியைத் திரும்ப வைத்தோம். வோல்ட் பார்க்கலாம் என்று மீட்டர் கம்பிகளை முனைகளில் வைத்தேன். பளிச்சென்று தீப்பொறி, கம்பியின் நுனி உருகிப்போனது. முந்தைய நாள் ஆம்பியர் அளந்த துளையிலிருந்து சிவப்புக் கம்பியை மாற்ற மறந்திருக்கிறேன். மீட்டரே குறுக்குச் சுற்றாகிவிட்டது. உள்ளே ஃபியூஸ் இருந்ததால் தப்பித்தேன். பயிற்சிக்கு வந்த பையன்கள் இதைச் செய்தபோது நான் எப்படிக் கத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தம்பி மரியாதையாக வேறு பக்கம் திரும்பி மரத்தில் இருந்த கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஃபியூஸுக்காகச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட் வரை போய் வந்தேன். அரை நாள் போயிற்று. வழியில் பராத்தா சாப்பிட்டேன் என்பதால் முழு நஷ்டம் இல்லை.

பிற்பகலில் தகட்டை நீள ஒயருடன் வெயிலில் வைத்து, பேட்டரி நிறைந்த நிலையில் சார்ஜர் என்ன செய்கிறது என்று கவனித்தோம். 14.4 வோல்ட் வந்ததும் அது மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். வந்தது. விளக்கும் ‘நிறைந்தது’ என்று மாறியது. ஆனால் மீட்டரில் அதே 2.3 ஆம்பியர். வோல்ட் 14.6, 14.8 என்று ஏறி 14.9ஐயும் தாண்டியது. வாயிற்காவலர் கதவைப் பூட்டிவிட்டேன் என்கிறார். ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சார்ஜர் பழுது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சோதிப்பதற்காகத் தகட்டின் எதிர் ஒயரைச் சார்ஜரிலிருந்து முழுதாகக் கழற்றிக் காற்றில் பிடித்தேன். சுற்று அறுந்துவிட்டது, ஓட்டம் நின்றாக வேண்டும். நிற்கவில்லை. நேர் ஒயரில் 2.3 அப்படியே இருந்தது. தம்பிதான் முதலில் சொன்னார்: “திரும்பிப் போக வேறு வழி இருக்கிறது அம்மா.” அந்த வழியையும் அவரே கண்டுபிடித்தார். தகட்டின் முதுகில் இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஒயர். தகட்டை வெயிலுக்கு நகர்த்தியபோது நாங்களே அதையும் இழுத்து நீட்டிக்கொண்டு வந்திருந்தோம். எர்த் ஒயர்தானே என்று இருவருமே கண்டுகொள்ளவில்லை. ஒரு நுனி தகட்டின் அலுமினியச் சட்டத்தில். மறு நுனி கூண்டின் போல்ட்டில், பெயின்டைச் சுரண்டிவிட்டு லக் வைத்து இறுக்கியிருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் சட்டத்தில் இருந்த அதே திருகில் தகட்டின் எதிர் ஒயரிலிருந்தும் ஒரு துண்டைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். எஞ்சினில் பேட்டரியின் எதிர்முனை உடற்பகுதியோடு சேர்ந்தே இருக்கும். கூண்டும் உடற்பகுதியும் ஒன்று. இந்த வகை மலிவான சோலார் சார்ஜர்கள் பலவற்றில் நேர்முனைதான் இரு பக்கத்துக்கும் பொது. திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச் எதிர் ஒயரில் உட்கார்ந்திருக்கும். தகட்டின் எதிர்முனையையும் பேட்டரியின் எதிர்முனையையும் வெளியே கூண்டு வழியாகச் சேர்த்துவிட்டால் அந்தச் சுவிட்சுக்கு வேலையே இல்லை. அது திறந்தாலும் மூடினாலும் தகடு நேராகப் பேட்டரியோடு பேசுகிறது. இரண்டு எதிர்முனைகளுக்கும் நடுவே மின்தடை பார்த்தேன்: 0.2 ஓம். பழி சார்ஜர்மேல், பாவம் பச்சை ஒயர்மேல்.

இரவில் சுவிட்ச் திறந்துகொண்டு பேட்டரியிலிருந்து தகட்டுக்குப் பின்னோட்டம் போகாமல் தடுக்க வேண்டும். அந்தக் காவலும் இதனால் போயிருந்தது. இருட்டிய பிறகு அளந்தபோது 30 மில்லி ஆம்பியர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பட்டினிக்கும் அந்த ஒயர் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது.

கோடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நிழலில்லாத மே மாதத்தில் தகடு ஒரு நாளில் சுமார் 15 ஆம்பியர்-மணி தரும். செலவு ஆறு. மிச்சம் ஒன்பது, தடுக்க ஆளில்லாமல் நிறைந்த பேட்டரிக்குள் போகிறது. ஓர் ஆம்பியர்-மணி ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீரைப் பிரிக்கும். இது மின்வேதியியல் விதி, பேரம் கிடையாது. ஒன்பதுக்கு மூன்று கிராம். ஏப்ரல், மே, ஜூன் சேர்ந்தால் செல்லுக்குக் கால் லிட்டருக்கு மேல். அந்த மூடியை அத்தனை மாதமும் யாரும் திறக்கவில்லை.

சட்டத்துக்கான எர்த் ஒயரை அப்படியே விட்டுவிட்டு எதிர் ஒயரின் துண்டை மட்டும் அறுத்தோம். மறுபடி சோதனை. 14.4ல் ஓட்டம் தயங்கியது, பிறகு வோல்ட் 13.7ல் வந்து படிந்தது, ஆம்பியர் 0.3க்கு இறங்கியது. சுவிட்ச் திறக்கும் நொடிகளில் இரண்டு எதிர்முனைகளுக்கும் இடையே ஆறு வோல்ட்டுக்கு மேல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் தம்பி சிரித்தார். கதவு உண்மையாகவே பூட்டிக்கொள்கிறது.

தகட்டைக் கூண்டிலிருந்து பம்ப் அறையின் கூரைக்கு மாற்றினோம். குளிர்காலத்திலும் காலை முதல் ஒரு மணி வரை அங்கே வெயில் விழும். தெற்கு நோக்கி 45 பாகைச் சாய்வு. புழுதியும் தானே சரியும். இருபது மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டதில் முழு ஓட்டத்திலும் அரை வோல்ட்தான் வழியில் போகிறது. மலிவு சார்ஜருக்கு வெப்பநிலை அறியும் புத்தி இல்லை. ஈய அமில பேட்டரிக்குப் பாகைக்கு 18 மில்லி வோல்ட் வீதம் நிலைவோல்ட்டை, அதாவது பேட்டரி நிறைந்தபின் சார்ஜர் பிடித்துவைக்கும் வோல்ட்டை, மாற்ற வேண்டும். தில்லியின் ஐந்து பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் நடுவே அது 0.7 வோல்ட். ஆகவே ஆண்டுக்கு இருமுறை கையால் திருத்த வேண்டும்: குளிரில் 13.8, கோடையில் 13.4. அந்தத் தேதிகளைக் காவலாளியின் நாட்காட்டியில் இந்தியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இழுப்பறையில் இருந்த ஃபியூஸையும் எடுத்துப் பழைய சார்ஜருக்குப் போட்டேன். செயலாளர் பதறினார், இரண்டும் சண்டை போடாதா என்றார். போடாது. இரண்டு குழாய்களில் ஒரே தொட்டி நிறைவதைப் போலத்தான். ஒரு குழாயின் அளவுக்குத் தொட்டி நிறைந்ததும் அந்தக் குழாய் தானே ஒதுங்கிக்கொள்ளும். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது போதும்.

கண்காணிப்புப் பெட்டி 150 மில்லி ஆம்பியர் தின்பதைப் பற்றி நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. பேட்டரி தேய்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு மாதமும் அங்கிருந்து எங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்பதையும் இரண்டாவது கடிதத்தில் சேர்த்தேன்.

திங்கட்கிழமைச் சோதனை ஓட்டம் மீண்டும் தொடங்கியிருக்கிறது. காற்று மோசமான வாரங்களில் ஐந்தே நிமிடம். சென்ற வாரக் குறிப்பு: ஓய்வில் 12.65, ஸ்டார்ட்டர் சுழலும்போது 10.1, முதல் முயற்சியிலேயே ஓடியது. செல்கள் 1.235, 1.230, 1.235, 1.235, 1.230. ஆறாவது 1.210.